கரிச்சுரங்க மண்ணில் பிறந்த பாட்டு
(அமெரிக்கப் பாடகி லொரெட்டா லின்னின் இளமையும் உயர்வும்)

இசையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசவையிலும் ஆலயத்திலும் வளர்ந்த இசையையே எடுத்துக்கொள்வர். ஏர் பிடித்தவனும், கரி வெட்டியவனும், அவர்தம் மனைவியரும் தங்களுக்காகப் பாடிக்கொண்ட பாட்டு நெடுங்காலம் ஏடேறவில்லை. ஏடேறாத அந்தப் பாட்டு இருபதாம் நூற்றாண்டில் வானொலியிலும் இசைத்தட்டிலும் ஏறி, ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே அதற்குக் ‘கண்ட்ரி’ இசை என்று பெயர். அவ்விசையில் பாடகியாக மட்டுமன்றிப் பாடலாசிரியராகவும் புகழ் பெற்றவர் லொரெட்டா லின். அவருடைய பிறப்பு முதல், 1972-ஆம் ஆண்டு அவர் பெற்ற ஒரு விருது வரையிலான நாற்பது ஆண்டுகளே இக்கட்டுரையின் எல்லை. ஏழைக் குடிசையில் பிறந்த பெண் தன் திறமையால் புகழேணியில் ஏறினாள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது எளிது. அந்த ஏணியைச் செய்தவர் யார், ஏறியவர் கொடுத்த விலை என்ன என்ற கேள்விகளே ஆராயத்தக்கவை.

கண்ட்ரி இசை: ஒரு சிறு விளக்கம்

‘கண்ட்ரி’ என்ற சொல்லைக் கொண்டு இதனைத் தூய கிராமியப் பாடல் என்று கருதிவிடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்திலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வந்து குடியேறியோர் தம் கதைப்பாடல்களையும் பிடிலையும் உடன் கொண்டுவந்தனர். பாஞ்சோ என்னும் நரம்புக்கருவி, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களிடமிருந்து வந்தது. இழைந்தொலிக்கும் ஸ்டீல் கிதார் ஹவாய்த் தீவுகளின் கொடை. இப்படிப் பல ஊர்ச் சரக்குகள் கலந்து உருவானதே இவ்விசை. வெள்ளையரின் மலைநாட்டுப் பாட்டு என்று இதனை விற்ற வணிகர்கள், பாஞ்சோ வந்த வழியை வாங்குவோருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

1927-ஆம் ஆண்டில் விக்டர் கம்பெனியைச் சேர்ந்த ரால்ஃப் பீர், டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் தங்கி மலைநாட்டுப் பாடகர்களைப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் உலகுக்குத் தெரிந்தது அப்பதிவுகளால்தான். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1925-இல், நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலி நிலையம் ஒரு சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது. அதுவே பின்னர் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ எனப் பெயர் பெற்றது. அந்த நிலையத்தை நடத்தியது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. கிராமத்து வீடுகளுக்குள் தன் பெயரைக் கொண்டுசெல்ல அக்கம்பெனி கண்ட வழி பாட்டு. ஒரு நாட்டின் மக்களிசைக்குக் கோயில் எழுப்பியவர்கள் பாலிசி விற்றவர்கள் என்பது வேடிக்கையான உண்மை.

பெண்களின் நிலையையும் இங்கே சொல்லிவிடுதல் நன்று. குடும்பத்தோடு மேடையேறும் பெண்ணை இத்துறை ஏற்றது. தனித்துப் பாடும் பெண்ணை நெடுநாள் நம்பவில்லை. பெண்களின் தட்டு விலைபோகாது என்பதே கம்பெனிகளின் எண்ணம். 1952-இல் கிட்டி வெல்ஸ் என்னும் பாடகி, ஆணின் குற்றச்சாட்டு ஒன்றுக்குப் பெண்ணின் மறுமொழியாக அமைந்த பாட்டைப் பாடி, ‘பில்போர்டு’ இதழின் கண்ட்ரிப் பட்டியலில் தனித்துப் பாடி முதலிடம் பெற்ற முதற்பெண் ஆனார். அந்தக் கதவு அவ்வாறு சற்றே திறந்திருந்த காலத்தில்தான் லொரெட்டா லின் வந்தார்.

புட்சர் ஹாலோ

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, ஜான்சன் கவுண்டியில், வான் லியர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊர் உள்ளது. அதையடுத்து இரு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கே புட்சர் ஹாலோ. அவ்வூர் மக்கள் நாவில் அது ‘ஹாலர்’ என்று ஒலிக்கும். அங்கே 1932 ஏப்ரல் 14-ஆம் நாள், எட்டுக் குழந்தைகளுள் இரண்டாமவராக லொரெட்டா வெப் பிறந்தார். தந்தை மெல்வின் வெப் பகலில் சிறு நிலத்தில் பயிரிட்டு, இரவில் சுரங்கத்தில் வேலை செய்தவர். தாய் கிளாரா, துணி துவைத்தும் தைத்தும், பழங்கதைப் பாடல்களைப் பாடியும் பிள்ளைகளை வளர்த்தவர்.

அப்பலாச்சியச் சுரங்க ஊர்களின் பொருளாதாரம் தனித்தன்மை வாய்ந்தது. வீடு கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. பல ஊர்களில் கூலியின் ஒரு பகுதி பணமாக வராமல், அந்தக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் டோக்கனாக வந்தது. உழைத்தவன் கையில் பணம் தங்காமல், கூலியே கடனாக மாறிக் கம்பெனிக்குத் திரும்பிச் சென்றது. சுரங்கத்திலிருந்து அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது நுரையீரலில் படிந்த கரித்தூளை. ‘கறுப்பு நுரையீரல்’ என மக்கள் அழைத்த அந்நோய்க்கு ஆளானவர்களுள் லொரெட்டாவின் தந்தையும் ஒருவர்.

வெப் குடும்பத்தின் வீட்டுச் சுவர்களில் குளிர் புகாமல் தாய் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிவைத்தார். அத்தாள்களில் கண்ட திரைப்பட நடிகை லொரெட்டா யங்கின் பெயரையே மகளுக்கு இட்டார் என்று பாடகியார் தம் வரலாற்றில் கூறுகிறார். பாட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்று பின்னர் வந்தது. பாட்டரி தீர்ந்துவிடும் என்பதால் அதனைச் சிக்கனமாகவே திருப்புவர். சனிக்கிழமை இரவில் நாஷ்வில் நிகழ்ச்சிக்கு மட்டும் விதிவிலக்கு. லொரெட்டாவின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. தம்பி தங்கையரைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு உரத்த குரலில் பாடியதே அவருடைய இசைப்பயிற்சி.

திருமணமும் வயதுக் கணக்கும்

அவ்வூரில் பள்ளிக்கு நிதி திரட்ட, பெண்கள் செய்த இனிப்புப் பணியாரங்களை ஏலம் விடும் வழக்கம் இருந்தது. அதிக விலை கேட்டவருக்குப் பணியாரமும், அதனைச் செய்த பெண்ணோடு அமர்ந்து உண்ணும் வாய்ப்பும் கிடைக்கும். போரிலிருந்து திரும்பிய ஆலிவர் லின் என்ற இளைஞர் லொரெட்டாவின் பணியாரத்தை ஏலத்தில் எடுத்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுச் செய்த பணியாரம் அது! ஒரு மாதத்திற்குள், 1948 ஜனவரி 10-ஆம் நாள், திருமணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு வயது 21.

மணப்பெண்ணின் வயது என்ன? 1976-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் பதின்மூன்று என்றே அவர் குறிப்பிட்டார். 1980-இல் வந்த திரைப்படமும் அதையே காட்டியது. நெடுங்காலம் உலகம் அதனை நம்பியது. 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பிறப்புப் பதிவையும் திருமணப் பதிவையும் எடுத்து ஒப்பிட்டபோது, வயது 15 ஆண்டும் ஒன்பது மாதமும் எனத் தெரிந்தது. தன்வரலாறுகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் இதனை மனத்திற்கொள்வது பயன் தரும். தன்வரலாறு நினைவின் நூல். பதிவேட்டின் நூல் அன்று. இரண்டாண்டு குறைந்தது என்பதற்காக நூல் முழுவதையும் பொய் என்று தள்ளுவதும் தவறு. கதை சுவையாக இருக்கிறது என்பதற்காகப் பதிவேட்டைப் புறக்கணிப்பதும் தவறு. பதினைந்தே ஆயினும் அவர் சிறுமியே. குழந்தை பிறப்பது எப்படி என்றுகூட அறியாமல் மணம் புரிந்தேன் என்று பிற்காலத்தில் அவர் சொன்னதன் கனம் எந்தக் கணக்கிலும் குறைவதில்லை.

சுரங்க வேலை வேண்டாம் என்று முடிவு செய்த கணவர், நாட்டின் மறுகோடியில், கனடா எல்லைக்கு அருகிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக் கஸ்டர் என்னும் சிற்றூருக்குக் கருவுற்ற மனைவியை அழைத்துச் சென்றார். அவர் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். மனைவி பண்ணை வீட்டில் சமைத்தார், துவைத்தார், ஸ்டிராபெரிப் பழம் பறித்தார். அடுத்தடுத்து நான்கு குழந்தைகள். தாய்வீட்டையும் மலையையும் பிரிந்த அந்தத் தனிமைக் காலத்தைத் தவிர்த்துவிட்டு லொரெட்டாவின் பாட்டுகளைப் புரிந்துகொள்ள இயலாது. பின்னாளில் அவர் பாடப்போகும் பொருள்கள் யாவும், குடிகாரக் கணவன், ஓயாத பிள்ளைப்பேறு, அடுப்படி, பொறாமை, பிறந்த ஊர் ஏக்கம் ஆகிய எல்லாம், அந்த வீட்டில்தான் சேர்ந்தன.

பதினேழு டாலர் கிதார்

1953-இல் கணவர் அவருக்கு 17 டாலர் விலையில் ஹார்மனி என்னும் மலிவு வகைக் கிதார் ஒன்றை வாங்கித் தந்தார். மனைவி வீட்டில் பாடுவதைக் கேட்டு, வானொலியில் பாடும் பெண்களுக்கு இவள் குறைந்தவள் அல்லள் என்று அவருக்குத் தோன்றியதாம். ஆசிரியர் இல்லை; தாமே விரல் வைத்துப் பழகினார். பாட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, கண்ணிகளும் பல்லவியும் எப்படி அமைகின்றன என்பதையும் தாமே கற்றார். கண்ட்ரிப் பாட்டின் இலக்கணம் அதற்கு இடம் கொடுத்தது. மூன்று அல்லது நான்கு சுரக்கட்டுகளில் ஒரு பாட்டை நடத்திவிடலாம். கடினம் இருப்பது வேறிடத்தில்: மூன்று நிமிடத்துக்குள் ஒரு கதையைத் தொடங்கி முடிக்க வேண்டும், கேட்பவர் முதல்முறையே புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கணவரைப் பற்றி மதிப்பிடுவது எளிதன்று. கிதார் வாங்கித் தந்தவரும் அவரே. வெட்கப்பட்ட மனைவியை மேடையேற்றியவரும் அவரே. குடியாலும் பிற பெண்கள் தொடர்பாலும் அவரை வாட்டியவரும் அவரே. அடித்தால் திருப்பி அடித்தேன் என்று லொரெட்டா வெளிப்படையாகவே எழுதினார். கணவரின்றித் தாம் பாடகியாகியிருக்க முடியாது என்பதையும் அதே வெளிப்படையோடு சொன்னார். 1996-இல் கணவர் இறக்கும்வரை அந்த மணவாழ்க்கை நீடித்தது. இரண்டு கூற்றுகளையும் ஒருங்கே ஏற்பதே நடுநிலை என்பது என் கருத்து.

தட்டும் காரும்

சிற்றூர் மதுக்கூடங்களில் தம் சகோதரர் உடன்வாசிக்கச் சிறு குழுவாகப் பாடி வந்த லொரெட்டா, டகோமா நகரில் பக் ஓவன்ஸ் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு போட்டியில் வென்று கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். அதனைப் பார்த்த நார்ம் பர்லி என்ற கனடா நாட்டு மரவணிகர் பொருளுதவி செய்ய முன்வந்தார். ‘ஸீரோ ரெக்கார்ட்ஸ்’ என்ற சிறு கம்பெனியின் பெயரில், 1960 பிப்ரவரியில், ஹாலிவுட்டில் ஒலிப்பதிவு நடந்தது. ‘ஐ ஆம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்’ என்ற அந்தப் பாட்டு அவரே எழுதியது. காதலில் கைவிடப்பட்டு மதுக்கூடத்தில் துயரைக் கழிக்கும் பெண்ணின் கூற்று அது.

தட்டு வெளிவந்தது. விற்பது யார்? பெரிய கம்பெனிக்கு விற்பனையாளர் படை உண்டு. ஸீரோ கம்பெனிக்கு, பெயருக்கேற்ப, ஒன்றுமில்லை. கணவனும் மனைவியும் வானொலி நிலையங்களின் முகவரிகளைத் திரட்டித் தட்டுகளை அஞ்சலில் அனுப்பினர். பிறகு காரில் ஏறி ஊர் ஊராகப் புறப்பட்டனர். வழியில் கண்ட ஒவ்வொரு நிலையத்தின் முன்னும் நிறுத்தி, அறிவிப்பாளரைச் சந்தித்து, தட்டைச் சுழலவிடும்படி வேண்டுவர். ரொட்டியும் இறைச்சித் துண்டும் உணவு, கார்தான் படுக்கை. இவ்வளவுக்கும் பயன் இருந்தது. பில்போர்டு கண்ட்ரிப் பட்டியலில் அப்பாட்டு 14-ஆம் இடத்தை எட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், சிறுவயதில் பாட்டரி வானொலியில் கேட்ட அதே கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் லொரெட்டா பாடினார்.

இங்கே இன்னொரு தேதியையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தந்தை மெல்வின் வெப் 1959 பிப்ரவரியில், 52-ஆம் வயதில், காலமாகிவிட்டார். மகளின் முதல் தட்டு வர ஓராண்டு இருந்தது.

நாஷ்வில்

நாஷ்வில்லில் வில்பர்ன் சகோதரர்கள் அவருக்கு ஆதரவளித்தனர். தங்கள் நிகழ்ச்சிகளில் பாட வைத்து, டெக்கா கம்பெனியில் இடம் பெற்றுத் தந்தனர். தங்கள் பாடல் பதிப்பகத்தோடு நீண்டகால ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கினர். அதன் விளைவைப் பின்னர்க் காண்போம். டெக்காவில் ஓவன் பிராட்லி தயாரிப்பாளர். 1962-இல் ‘சக்சஸ்’ என்ற பாட்டு முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. அவ்வாண்டே கிராண்ட் ஓல் ஆப்ரியின் உறுப்பினரானார்.

அக்காலத்தில் புகழின் உச்சியில் இருந்தவர் பேட்ஸி கிளைன். 1961-இல் கார் விபத்தில் அடிபட்டு அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, லொரெட்டா ஒரு நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் பேட்ஸியின் பாட்டையே அவருக்கு உரித்தாக்கிப் பாடினார். படுக்கையிலிருந்து அதனைக் கேட்ட பேட்ஸி, தம் கணவரை அனுப்பி லொரெட்டாவை அழைத்துவரச் செய்தார். போட்டியாளராக எண்ணியிருக்கக்கூடிய ஒருவர் மூத்த சகோதரி ஆனார். மேடையில் நிற்பது, உடுத்துவது, கூலியைக் கேட்டு வாங்குவது என எல்லாவற்றிலும் வழிகாட்டினார். 1963 மார்ச் 5-ஆம் நாள் விமான விபத்தில் பேட்ஸி மாண்டார். அடுத்த ஆண்டு லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண் மகவுகள் பிறந்தன. ஒருத்திக்குப் பேட்ஸி என்று பெயரிட்டார்.

பாட்டின் மொழி

1966-ஆம் ஆண்டிலிருந்தே லொரெட்டாவின் தனிக்குரல் கேட்கத் தொடங்குகிறது. மேடைக்குப் பின்புறம் ஒரு பெண் வந்து, தன் கணவன் அவையில் வேறொருத்தியோடு அமர்ந்திருப்பதைச் சொல்லி அழுதாள். அவளுக்கு லொரெட்டா வாய்மொழியாகச் சொன்ன ஆறுதலே, சில நிமிடங்களில், ‘யூ ஏன்ட் உமன் இனஃப்’ என்ற பாட்டாயிற்று. அது பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. அதே ஆண்டில் வியத்நாம் போருக்குக் கணவனை அனுப்பிய மனைவியின் கூற்றாக ஒரு பாட்டு வந்தது. 1967 பிப்ரவரியில், தங்கையோடு சேர்ந்து எழுதிய பாட்டு முதலிடத்தைப் பிடித்தது. குடித்துவிட்டுக் காதல் பேச வீட்டுக்கு வராதே என்று மனைவி கணவனிடம் சொல்லும் பாட்டு அது.

இப்பாடல்களை அதற்கு முந்திய பாடல்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். முன்னைப் பாட்டுகளில் வஞ்சிக்கப்பட்ட மனைவி அழுவாள்; காத்திருப்பாள்; மன்னிப்பாள். லொரெட்டாவின் மனைவி அழுவதில்லை. நேருக்கு நேர் பேசுகிறாள். அவள் பேச்சு புத்தக ஆங்கிலமன்று. புட்சர் ஹாலோவின் கொச்சை, இலக்கணப் பிழை எனப் பள்ளியில் திருத்தப்படும் வினைமுடிபுகளோடு, அப்படியே வருகிறது. கொச்சையை நகைச்சுவைக்காகப் பயன்படுத்திய பாடகர் முன்பும் உண்டு. வாதாடுவதற்காக அதனைப் பயன்படுத்தியது இவரது புதுமை. பெண்ணுரிமை இயக்கத்தின் பெயரைத் தம்மேல் சூட்டிக்கொள்ள அவர் விரும்பியதில்லை. சட்ட நூலிலிருந்தோ மேடைச் சொற்பொழிவிலிருந்தோ அவர் பேசவில்லை, அடுப்படியிலிருந்து பேசினார். அதனாலேயே சொற்பொழிவு எட்டாத வீடுகளுக்குள் அவர் பாட்டு சென்றது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மணமுறிவு பெற்ற பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொன்ன 1972-ஆம் ஆண்டுப் பாட்டு சலசலப்பை உண்டாக்கியது. கருத்தடை மாத்திரையைப் பற்றிய ‘தி பில்’ என்ற பாட்டு, வேறு மூவர் எழுதி அவர் பாடியது. 1972-லேயே பதிவான அப்பாட்டை வெளியிடக் கம்பெனி தயங்கி, 1975-இல்தான் வெளியிட்டது. பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. தட்டு விற்பனை ஏறியது. நாட்டுப்புறப் பெண்களிடம் கருத்தடைச் செய்தியை எடுத்துச் சென்றதில் தங்கள் துண்டறிக்கைகளைவிட இப்பாட்டு வலியது என்று மருத்துவர்கள் தம்மிடம் கூறியதாக அவர் சொல்வதுண்டு.

தந்தையின் பாட்டு

‘கோல் மைனர்ஸ் டாட்டர்’, அதாவது கரிச்சுரங்கத் தொழிலாளியின் மகள், 1969 அக்டோபரில் பதிவாகி 1970-இல் வெளிவந்தது. குடிசை, தந்தையின் இரவு வேலை, தாய் துணி துவைத்துத் தேய்ந்த கை, குளிர்காலத்துக்கு மட்டும் வாங்கும் செருப்பு என்று வரிசையாக வரும் செய்திகளே பாட்டு. உவமை இல்லை, ஒப்பாரி இல்லை. அவர் முதலில் எழுதியது இன்னும் நீளமானது. தட்டின் அளவுக்குப் பொருந்தாது என்று ஓவன் பிராட்லி சொன்னதால் பல கண்ணிகளை வெட்ட நேர்ந்தது. சொந்த வீட்டுக் கதையை யார் காசு கொடுத்துக் கேட்பார் என்ற ஐயம் அவருக்கே இருந்ததாம். 1970 டிசம்பரில் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. சுரங்கத் தொழிலாளரின் உடல்நலத்தையும் கறுப்பு நுரையீரல் நோய்க்கான இழப்பீட்டையும் குறித்த கூட்டரசுச் சட்டம் நிறைவேறியது 1969-இல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அக்கதை ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் கேட்கப்படவில்லை என்பது விளங்கும்.

1972-இல் கண்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் தலைசிறந்த கலைஞர் விருதை அவருக்கு வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதற்பெண் அவரே.

ஆனால் அதே காலத்தில் அவருடைய பேனா நின்றுபோனது. வில்பர்ன் சகோதரர்களோடு உறவு முறிந்தது; ஆயினும் பழைய ஒப்பந்தப்படி, அவர் எழுதும் பாட்டின் பதிப்புரிமை அவர்களின் பதிப்பகத்தையே சேரும். எழுதினால் பிறருக்குப் போகும் என்பதால் அவர் எழுதுவதையே குறைத்துக்கொண்டார். எழுபதுகளில் அவர் பாடிப் புகழ் பெற்ற பாடல்களுள் பல பிறர் எழுதியவையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். பதிப்புரிமையை மீட்க அவர் நடத்திய சட்டப் போராட்டம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீண்டது. கம்பெனிக் கடையில் கணக்கு வைத்திருந்த தந்தையின் மகள், தம் சொற்களுக்காகவே நீதிமன்றத்தில் கணக்குக் கேட்டார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை. 2004-இல், 72-ஆம் வயதில், அவர் வெளியிட்ட ‘வான் லியர் ரோஸ்’ இசைத்தொகுப்பில் ஒன்றைத் தவிர எல்லாப் பாட்டும் அவரே எழுதியவை.